தியோடர் ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தங்கள்: எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் போயின?

நெடுவழி எழுதியது:

முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் என்று தேடினால் கரடி பொம்மை, ஆப்பிரிக்க வேட்டை, பனாமா கால்வாய் இந்த மூன்றும்தான் முதலில் வந்து நிற்கின்றன. அதைத் தாண்டினால் "ஏகபோகங்களை உடைத்தவர்" என்று ஒரு வரி இருக்கும். அவரை எடைபோட அந்த வரி போதாது. என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் 1902 நிலக்கரி வேலைநிறுத்தத்தில் தலையிட்டதுதான். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1858ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மூச்சுத்திணறல் ஆஸ்துமா. ஹார்வர்டில் படித்துவிட்டு 23 வயதில் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1884 பிப்ரவரி 14ல் ஒரே வீட்டில் காலையில் தாயையும் பிற்பகலில் மனைவியையும் இழந்தார். பெண் குழந்தை பிறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அன்றைய நாட்குறிப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, தன் வாழ்வின் ஒளி போய்விட்டது என்று எழுதினார். பிறகு டகோட்டாவில் மாட்டுப் பண்ணை, சிவில் சர்வீஸ் ஆணையம், நியூயார்க் போலீஸ் ஆணையம், கியூபா யுத்தம், ஆளுநர் பதவி, துணை அதிபர் பதவி. 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தபோது 42 வயதில் அதிபரானார். அந்த நாட்டில் அதைவிடச் சின்ன வயதில் இன்றுவரை யாரும் அதிபராகவில்லை.

சட்டமன்ற நாட்களில் நடந்த ஒரு விஷயம் முக்கியம். ஒண்டுக்குடித்தன வீடுகளில் சுருட்டு உருட்டுவதைத் தடை செய்யும் மசோதா ஒன்று வந்தது. ரூஸ்வெல்ட் அதை எதிர்க்கும் எண்ணத்தில்தான் இருந்தார். என் வீட்டில் நான் என்ன தொழில் செய்தால் அரசாங்கத்துக்கு என்ன என்பதே அவருடைய வகுப்பின் நினைப்பு. சுருட்டுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் காம்பர்ஸ் அவரை நேரில் வந்து பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்ததைப் பிற்காலத்தில் ரூஸ்வெல்ட்டே எழுதியிருக்கிறார்: ஒரே அறையில் மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள், பல குழந்தைகள். அழுக்கேறிய படுக்கையை ஒட்டிப் புகையிலை. மூலையில் மிச்சச் சோற்றுத் துணுக்குகளுக்கு நடுவிலும் புகையிலை. அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, பகலெல்லாம் உருட்டி, இரவிலும் உருட்டினார்கள். பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள், ஒரு குழந்தைக்கு மட்டும் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்ததால் அதுதான் மொழிபெயர்த்தது. ரூஸ்வெல்ட் மசோதாவை ஆதரித்தார், சட்டம் வந்தது. 1885ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தொழிலாளியை அவனுடைய வீட்டின் புனிதமான சூழலிலிருந்து வெளியேற்றுவது அவனுக்கு எப்படி நல்லது என்று நீதிபதிகள் கேட்டார்கள். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இதைப் படித்து எப்படி இருந்திருக்கும்! சட்டம் தெரிந்த நீதிபதிகளுக்கு வாழ்க்கை தெரிந்திருக்கவில்லை என்பதே அவர் பிற்காலத்தில் சொன்ன விமர்சனம்.

இனி 1902. மே மாதம் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் சுரங்கங்களில் ஏறக்குறைய 1,40,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். வீடுகளில் குளிருக்கு எரிக்கும் நிலக்கரி அதுதான். அக்டோபர் வந்தது, விலை எகிறியது, பள்ளிக்கூடங்களுக்கே கரி இல்லை. சுரங்க முதலாளிகளின் குரலாக இருந்த ரயில்வே தலைவர் ஜார்ஜ் பேர், தொழிலாளரின் நலனைக் கிளர்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, கடவுள் தம் ஞானத்தால் யாரிடம் சொத்தை ஒப்படைத்தாரோ அந்தக் கிறிஸ்தவ மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கடிதம் எழுதியவர்.

அக்டோபர் 3ல் இரு தரப்பையும் ரூஸ்வெல்ட் வாஷிங்டனுக்கு அழைத்தார். ஒரு மாதத்துக்கு முன் நடந்த வண்டி விபத்தில் அவருக்குக் காலில் பலத்த அடி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார். தொழிலாளர் தலைவர் ஜான் மிட்சல் குரலை உயர்த்தாமல், நடுவர் குழு போடுங்கள், தீர்ப்பு எதுவானாலும் ஏற்கிறோம் என்றார். முதலாளிகள் மிட்சலோடு பேச மாட்டோம், ராணுவத்தை அனுப்புங்கள் என்றார்கள். எட்டு வருஷத்துக்கு முன் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தில் அப்போதைய அதிபர் கிளீவ்லண்டின் அரசாங்கம் ராணுவத்தை அனுப்பி உடைத்திருந்தது. அதையே எதிர்பார்த்தார்கள். ரூஸ்வெல்ட்டும் ராணுவத்தைத்தான் எடுத்தார், ஆனால் வேறு காரியத்துக்கு: சுரங்கங்களை அரசாங்கமே எடுத்து ராணுவத்தை வைத்து நடத்தும் என்ற எண்ணம் உரியவர்கள் காதுக்குப் போகும்படி பார்த்துக்கொண்டார். போர் அமைச்சர் எலிஹு ரூட் போய் சுரங்க முதலாளிகளிடம் செல்வாக்குள்ள பெரும் வங்கியாளர் ஜே.பி. மார்கனை அவருடைய படகில் சந்தித்தார். முதலாளிகள் இறங்கி வந்தார்கள்.

குழுவில் தொழிற்சங்கத்துக்காரர் யாரும் இருக்கக்கூடாது என்று கடைசிவரை அடம். ஆனால் "புகழ்பெற்ற சமூகவியலாளர்" ஒருவருக்கு இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ரயில்வே நடத்துநர் சங்கத்தின் தலைவர் ஈ.ஈ. கிளார்க்கை ரூஸ்வெல்ட் போட்டார். சமூகவியலாளர் என்ற பெயரில் வந்ததால் முதலாளிகள் மறுக்கவில்லை. 1903 மார்ச்சில் தீர்ப்பு: 10 சதவீதக் கூலி உயர்வு, பெரும்பாலானவர்களுக்கு வேலை நேரம் பத்திலிருந்து ஒன்பது மணியாகக் குறைவு.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்க்கருத்தும் வரட்டும்.


மேகமலை எழுதியது:

அருமையான தொடக்கம் நெடுவழி. ஒன்று கேட்கிறேன். மார்கனைப் பற்றி எழுதினீர்கள். அதே வருஷம் பிப்ரவரியில் அவருடைய நார்தர்ன் செக்யூரிட்டீஸ் ரயில்வே கம்பெனி மீது ரூஸ்வெல்ட் வழக்கே அறிவித்திருந்தாரே? அடித்த கையாலேயே உதவியும் கேட்டாரா? அதைக் கொஞ்சம் விரித்து எழுதுங்களேன்.


நெடுவழி எழுதியது:

ஆமாம், அந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மார்கனிடம் ஆள் போனது.

மார்கன், ஜேம்ஸ் ஹில், ஹாரிமன் மூவரும் சேர்ந்து வடமேற்குப் பகுதியின் ரயில்பாதைகளை ஒரே கம்பெனியின் கீழ் கொண்டுவந்தார்கள். 1901 நவம்பரில் 40 கோடி டாலர் மூலதனத்தில் தொடங்கியது. கோதுமை விளைவிக்கிற விவசாயிக்குச் சரக்கு அனுப்ப வேறு வழியே கிடையாது, அவர்கள் சொன்னதுதான் கட்டணம். 1890லேயே ஏகபோகங்களைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் இருந்தது. ஆனால் அதைக் கம்பெனிகள் மீது எடுத்ததைவிடத் தொழிற்சங்கங்கள் மீது எடுத்ததுதான் பேர்போனது. யாரிடமும் சொல்லாமல் அட்டர்னி ஜெனரல் நாக்ஸை வைத்து ரூஸ்வெல்ட் வழக்கை அறிவித்தார். பங்குச் சந்தை ஆடிப்போயிற்று.

மார்கன் வெள்ளை மாளிகைக்கு வந்து சொன்னதாகப் பதிவாகியிருப்பது இது: நாங்கள் ஏதாவது தப்பு செய்திருந்தால் உங்கள் ஆளை என் ஆளிடம் அனுப்புங்கள், அவர்கள் பேசிச் சரிசெய்துகொள்வார்கள். நாக்ஸ் சொன்ன பதில், நாங்கள் சரிசெய்ய வரவில்லை, நிறுத்த வந்திருக்கிறோம் என்பது. மார்கன் போன பிறகு ரூஸ்வெல்ட், இவர் என்னைப் போட்டிக்கு வந்திருக்கும் இன்னொரு பெரிய வியாபாரியாகத்தான் பார்க்கிறார் என்றார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அரசாங்கம் என்பது சந்தையில் இன்னொரு கடை என்று ஒரு மனிதர் மனதார நம்பினார், அதுவரை நாட்டில் நடந்ததைப் பார்த்தால் அவர் அப்படி நம்பியதில் வியப்பும் இல்லை.

1904ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதியவர்களில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஒருவர். ரூஸ்வெல்ட்டே நியமித்த நீதிபதி. அந்தக் கோபம் அவருக்கு லேசில் ஆறவில்லை.


வைகைக்கரை எழுதியது:

தம்பி நெடுவழி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பஞ்சாலையில் சங்க வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சில இடங்களில் உடன்பாடு இல்லை.

தீர்ப்பில் நீங்கள் விட்டது ஒன்று இருக்கிறது. சங்கத்துக்கு அங்கீகாரம் தரவில்லை. கூலியும் நேரமும் கிடைத்தது சரி. ஆனால் அடுத்த முறை யார் பேசுவது? அங்கீகாரம் இல்லாத சங்கம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் ஆலையில் வாசல் கூட்டம் போட்டவர்களுக்கு இது புரியும். முதலாளி 10 சதவீதம் தந்துவிடுவான், ஒப்பந்தத்தில் சங்கத்தின் பெயரைப் போட மாட்டான்.

இன்னொன்று, 1903 ஜூலை. ஃபிலடெல்பியாவின் கென்சிங்டன் பகுதியில் ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தம். வாரத்துக்கு 60 மணி நேரத்தை 55 ஆக்கு என்பதுதான் கோரிக்கை. வேலைநிறுத்தத்தில் குழந்தைகளும் இருந்தார்கள், ஏனென்றால் ஆலையில் குழந்தைகள் இருந்தார்கள். விரல் போனவர்கள், கை நசுங்கினவர்கள். மதர் ஜோன்ஸ் என்ற முதிய பெண்மணி அந்தக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆயிஸ்டர் பேயில் இருந்த ரூஸ்வெல்ட்டின் வீட்டுக்கு நடந்தே போனார். வழியெல்லாம் கூட்டம் போட்டு மக்களிடம் காட்டினார். அதிபர் சந்திக்கவில்லை. மத்திய அரசாங்கத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்று செயலாளர் மூலம் பதில் வந்தது. சுருட்டு உருட்டிய வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்தானே? தன் வாசலுக்கே வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டாமா?

அவருடைய காலத்தை முற்போக்குக் காலம் என்கிறோம். அந்த முற்போக்கு அவரிடமிருந்து வரவில்லை. 1890களில் விவசாயிகளின் மக்கள் கட்சி ரயில்வேயைக் கட்டுப்படுத்து, வருமான வரி போடு, செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று கேட்டாயிற்று. விஸ்கான்சினில் லா ஃபொலெட் ஆளுநராக இருந்து ரயில்வே கமிஷனும் நேரடி வேட்பாளர் தேர்தலும் கொண்டுவந்தார். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889லிருந்தே ஏழைக் குடியேறிகளுக்கான ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லத்தை நடத்திக்கொண்டிருந்தார். கீழே இத்தனை பேர் தள்ளித்தான் மேலே ஒருவர் நகர்ந்தார்.


ஆய்வகத்துக்காரி எழுதியது:

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அதனால் 1906 ஜூன் 30ஐப் பற்றி யாராவது பேசாமல் இந்த இழை முடிந்தால் எனக்கு மனசு ஆறாது. தூய உணவு மருந்துச் சட்டமும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் ஒரே நாளில் கையெழுத்தாயின.

கதை விவசாயத் துறையின் ரசாயனப் பிரிவுத் தலைவர் ஹார்வி வைலியிடமிருந்து ஆரம்பிக்கிறது. பாலில் ஃபார்மால்டிஹைடு, இறைச்சியில் போராக்ஸ், டப்பாப் பட்டாணி பச்சையாகத் தெரியச் செம்பு உப்பு என்று அன்றைக்கு எதையும் எதிலும் போடலாம். 1902 கடைசியில் பன்னிரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் சமையலறை வைத்து, சாப்பாடு இலவசம், ஆனால் அதில் நாங்கள் கலப்பதைச் சாப்பிட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார். முதலில் வெண்ணெயில் போராக்ஸ் கலந்தார். அது எதில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோய் வெண்ணெயைத் தொடவில்லை. கடைசியில் மாத்திரைக் கூட்டில் வைத்துக் கொடுத்தார். வயிற்றுவலி, தலைவலி, பசியின்மை எல்லாவற்றையும் குறித்து வைத்தார். பத்திரிகைகள் அவர்களுக்கு "விஷப் படை" என்று பெயர் வைத்தன. இன்றைய நெறிமுறைப்படி அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆனாலும் தினமும் எடை பார்த்து, ஒவ்வொரு கவளத்தையும் அளந்து பதிந்திருக்கிறார்களே, அந்தப் பொறுமைக்கு நான் தலை வணங்குகிறேன்.

பிறகு 1906ல் அப்டன் சின்க்ளேரின் "தி ஜங்கிள்" நாவல். சிகாகோ இறைச்சிக் கூடங்களில் தொழிலாளர் படும் பாட்டைச் சொல்ல எழுதினார். வாசகர்கள் தங்கள் தட்டைப் பார்த்துத்தான் அலறினார்கள். நான் மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே வருந்தினார். ரூஸ்வெல்ட்டுக்குச் சின்க்ளேரின் சோஷலிசம் பிடிக்காது. ஆனாலும் நாவலை நம்பியும் நம்பாமலும் இராமல், சார்லஸ் நீல், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். அறிக்கை நாவலுக்குப் பெரிய அளவில் முரண்படவில்லை. முதலில் வெளியிடாமல் கையில் வைத்துக்கொண்டு, மசோதாவைத் தடுத்தால் வெளியிடுவேன் என்று காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, நெருக்கினார். தடுத்தார்கள், ஜூன் 4ல் வெளியிட்டார். ஐரோப்பாவில் அமெரிக்க இறைச்சி விற்பனை விழுந்ததும் கம்பெனிகளே சட்டம் வேண்டும் என்று வந்து நின்றன.

ஐயா வைகைக்கரை சொன்னதற்கு இதிலும் சான்று இருக்கிறது. பரிசோதனைச் செலவைக் கம்பெனிகள் தர வேண்டும், டப்பாவில் தேதி போட வேண்டும் என்று முதல் வரைவில் இருந்தது. இரண்டும் போயிற்று. வருஷத்துக்கு 30 லட்சம் டாலர் அரசாங்கம் கொடுத்தது, தேதி இல்லை. மருந்துச் சட்டமும் அபின், மார்பின், கொக்கெய்ன் எதையும் தடை செய்யவில்லை. இருந்தால் சீட்டில் எழுது என்றது, அவ்வளவுதான். குழந்தையைத் தூங்க வைக்கும் சிரப்பில் மார்பின் இருப்பது அம்மாவுக்குத் தெரியாமல் இருந்த காலம் அது. எழுதினாலே போதும், பாதி வியாபாரம் படுக்கும் என்ற நிலைமை. பரிசோதனை செய்கிறவளாகச் சொல்கிறேன், சீட்டில் உண்மையை எழுத வைப்பது சின்ன வெற்றி இல்லை. அதற்கு மேல் கட்டப்பட்ட எல்லாமே அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.


வடமராட்சியான் எழுதியது:

எல்லாரும் நல்லாய் எழுதியிருக்கிறியள். ஆனால் இவ்வளவு கதைச்சும் ஒருத்தரும் நிறத்தைப் பற்றிக் கதைக்கேல்லை.

1901 ஒக்டோபரில் கறுப்பினத் தலைவரும் கல்வியாளருமான புக்கர் வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். தெற்குப் பத்திரிகைகள் கொதிச்சுப் போச்சுதுகள். ரூஸ்வெல்ட் மன்னிப்புக் கேட்கேல்லை, அது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வேறொரு கறுப்பினத்தவரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் இல்லை.

1906 ஓகஸ்டில் டெக்சஸின் பிரவுன்ஸ்வில்லில் இரவு துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். பக்கத்தில் முகாம் போட்டிருந்த கறுப்பின 25ஆவது காலாட்படைதான் செய்தது எண்டு ஊர்க்காரர் சொல்லிச்சினம். அந்த நேரம் படையினர் முகாமிலேயே இருந்தார்கள் எண்டு அவர்களின் வெள்ளை அதிகாரிகளே சொன்னவை. விசாரணை மன்று இல்லை, சாட்சி விசாரணை இல்லை. ஆரும் காட்டிக்கொடுக்கவில்லை எண்டு 167 பேரையும் மரியாதை இல்லாமல் பதவி நீக்கினார் ரூஸ்வெல்ட். அதிலே ஓய்வூதியத்துக்குக் கிட்ட வந்த பழைய வீரர்களும் இருந்தவை. அறிவிப்பு நவம்பர் தேர்தல் முடிஞ்ச பிறகுதான் வந்தது. வடக்கில் கறுப்பின வாக்குகள் அவரின் குடியரசுக் கட்சிக்கு விழுந்து முடிய வேண்டுமே! 1972ல்தான் இராணுவம் அந்தத் தீர்ப்பை நீக்கினது. அப்ப உயிரோட இருந்தவர்களை விரலில் எண்ணிப்போடலாம்.

இரண்டு பக்கத்தையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டது, நடுவர் குழு எண்டெல்லாம் நெடுவழி எழுதினதை நான் மதிக்கிறன். ஆனால் அந்த மேசைக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டதில்தானே எல்லாம் இருக்குது? சுரங்கத் தொழிலாளிக்கு ஆணையமும் ஐந்நூறுக்கு மேற்பட்ட சாட்சிகளும். கறுப்பினச் சிப்பாய்க்கு ஒரு கையெழுத்து.

எங்கட பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்குது. 1909 ஜனவரியில், பதவி முடியுறதுக்குக் கொஞ்சம் முதல், வாஷிங்டனில் ஒரு மெதடிஸ்த தேவாலயத்தில் பேசேக்க இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியை வெள்ளை இனத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒண்டு எண்டு புகழ்ந்தார். வ.உ.சி. அந்த நேரம் சிறையில் இருந்தார். பிலிப்பைன்ஸில் தன் நாடே நடத்தின போரைப் பற்றியும் அவருக்கு இதே பார்வைதான்.


மேகமலை எழுதியது:

வடமராட்சியான் அண்ணா எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது காடுகளின் கதை. எனக்கு அவர் பிடித்துப்போனதே காட்டால்தான், அதனால் எழுத வலிக்கிறது.

நல்லதை முதலில் சொல்கிறேன். மொத்தம் ஏறக்குறைய 23 கோடி ஏக்கரை அவர் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தார். 150 தேசியக் காடுகள், 51 பறவைச் சரணாலயங்கள், 5 தேசியப் பூங்காக்கள், 18 தேசிய நினைவிடங்கள் (சட்டம் காக்கும் இயற்கை, வரலாற்று இடங்கள்). முதல் பறவைச் சரணாலயம் 1903ல் ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவு. பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று பறவைகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1908ல் கிராண்ட் கேன்யனை நினைவிடமாக அறிவித்ததும் காங்கிரஸைக் கேட்காமல்தான்.

1907ல் நடந்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கும். மேற்கு மாநிலங்கள் ஆறில் இனி அதிபர் புதுக் காடு அறிவிக்கக் கூடாது என்று விவசாயத் துறையின் நிதி மசோதாவில் ஒரு வரியைச் சொருகிவிட்டார்கள். மசோதாவை நிராகரித்தால் துறைக்கே பணம் கிடையாது. கையெழுத்திட அவகாசம் சில நாட்கள். வனத்துறைத் தலைவர் கிஃபர்ட் பின்ஷோவின் ஆட்கள் இரவு பகலாக வரைபடம் போட்டார்கள். அந்த ஆறு மாநிலங்களிலும் 1.6 கோடி ஏக்கரை அறிவித்து முடித்த பிறகே ரூஸ்வெல்ட் மசோதாவில் கையெழுத்திட்டார். மரக் கம்பெனிகளின் செனட்டர்கள் அதற்கு "நள்ளிரவுக் காடுகள்" என்று பெயர் வைத்தார்கள்.

இனி வலிக்கிற பகுதி. நியூ மெக்சிகோவில் தாவோஸ் பூவெப்லோ என்ற பூர்வகுடி மக்களுக்கு நீல ஏரி குலதெய்வம் மாதிரி. 1906ல் அதையும் சுற்றியுள்ள மலையையும் காட்டுத்துறைக்குள் சேர்த்துவிட்டார்கள். மக்கள் தங்கள் ஏரிக்குப் போக அரசாங்கத்தின் தயவை எதிர்பார்க்கும் நிலை. அவர்கள் அறுபது வருஷத்துக்கு மேல் போராடி 1970ல்தான் 48,000 ஏக்கர் திரும்ப வந்தது. காட்டைக் காப்பாற்றியது யாரிடமிருந்து, யாருக்காக என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில் வராது.


புதுவாசகன் எழுதியது:

சார், எனக்கு ஒரு சந்தேகம். அடுத்து அதிபராக வந்த டாஃப்ட் தான் ரூஸ்வெல்ட்டைவிட அதிக ஏகபோக வழக்குகள் போட்டார் என்று படித்தேன். அப்படியென்றால் ரூஸ்வெல்ட் ஏன் அவரை எதிர்த்து 1912ல் நின்றார்?


நெடுவழி எழுதியது:

சரியான கேள்வி தம்பி. ரூஸ்வெல்ட் ஏழரை வருஷத்தில் போட்டது 44 வழக்குகள். டாஃப்ட் நாலே வருஷத்தில் ஏறக்குறைய 90. ஆனால் ரூஸ்வெல்ட்டுக்குக் கம்பெனி பெரிதாக இருப்பது குற்றமில்லை. அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை அரசாங்கம் கண்காணிக்க வேண்டும் என்பதுதான் அவர் கொள்கை. 1903ல் கார்ப்பரேஷன் பிரிவைத் தொடங்கியதும், 1906 ஹெப்பர்ன் சட்டத்தில் ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட அதிகாரம் கேட்டு வாங்கியதும் அதனால்தான்.

மோதல் முற்றியது எஃகால். 1907 நிதி நெருக்கடியில், நவம்பர் 4 காலை, பங்குச் சந்தை திறக்கும் முன்பே யு.எஸ். ஸ்டீலின் எல்பர்ட் கேரியும் ஹென்றி ஃப்ரிக்கும் வெள்ளை மாளிகைக்கு வந்தார்கள். டென்னசி நிலக்கரி இரும்புக் கம்பெனியை நாங்கள் வாங்காவிட்டால் ஒரு பெரிய தரகு நிறுவனம் விழும், நெருக்கடி பரவும், வாங்கினால் வழக்கு வருமா என்று கேட்டார்கள். தடுக்க வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை என்றார் ரூஸ்வெல்ட். நாட்டின் மிகப் பெரிய எஃகுக் கம்பெனி இன்னும் பெரிதாயிற்று. 1911 அக்டோபரில் டாஃப்ட் அரசாங்கம் யு.எஸ். ஸ்டீல் மீது போட்ட வழக்கில் இந்தக் கொள்முதலும் இடம்பெற்றது. ரூஸ்வெல்ட்டை ஏமாற்றி அனுமதி வாங்கினார்கள் என்ற பொருள்பட எழுதியிருந்தார்கள். தன்னை ஏமாளி என்று தன் நண்பனே நீதிமன்றத்தில் சொன்னதை அவர் பொறுக்கவில்லை. அதற்கு முன்பே பின்ஷோவை டாஃப்ட் பதவி நீக்கியதில் புண் இருந்தது.

ஆனால் சொந்தப் புண் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 1910 ஆகஸ்டில் கன்சாஸின் ஒஸவாட்டமியில் அவர் பேசிய பேச்சைப் படித்துப் பாருங்கள். சொத்தைவிட மனித நலன் மேல் என்று அங்கே வெளிப்படையாகச் சொல்கிறார். 1912ல் அவர் புதிதாகத் தொடங்கிய முற்போக்குக் கட்சியின் அறிக்கை அதன் தொடர்ச்சி: பெண்களுக்கு வாக்குரிமை, குழந்தை உழைப்புக்குத் தடை, பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, எட்டு மணி நேர வேலை, நோய்க்கும் வேலையின்மைக்கும் முதுமைக்கும் காப்பீடு. அவர் பெயரை வழிமொழிந்தது ஜேன் ஆடம்ஸ். சமூக நலச் சட்டங்களை மாநில நீதிமன்றம் தள்ளினால் மக்கள் வாக்களித்து அந்தத் தீர்ப்பை மாற்றலாம் என்பதும் அவர் கேட்டதில் ஒன்று. அவருடைய கட்சிக்காரர்களே மிரண்ட கோரிக்கை அது. 1885 சுருட்டுத் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அக்டோபர் 14ல் மில்வாக்கியில் சுடப்பட்டார். சட்டைப்பைக்குள் ஐம்பது பக்கப் பேச்சு இரண்டாக மடித்து இருந்தது, உலோகக் கண்ணாடிக் கூடும் இருந்தது. குண்டு அவற்றைத் துளைத்து நெஞ்சில் நின்றது. இருமிப் பார்த்தார், வாயில் ரத்தம் வரவில்லை, நுரையீரலில் படவில்லை என்று தானே முடிவு செய்து மேடையேறி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். 1919ல் சாகும்வரை குண்டு உள்ளேயேதான் இருந்தது. தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வில்சன் 41.8 சதவீதம், ரூஸ்வெல்ட் 27.4, டாஃப்ட் 23.2. முன்னாள் அதிபரும் பதவியில் இருக்கும் அதிபரும் மோதி மூன்றாமவர் ஜெயித்தார்.


வடமராட்சியான் எழுதியது:

அதே 1912 மாநாட்டில் தெற்கிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு இடம் குடுக்கேல்லை. வெள்ளையர் வாக்கைப் பிடிக்கிறதுக்காக ரூஸ்வெல்ட்டே எடுத்த முடிவு. வென்ற வில்சன் இன்னும் மோசம். தபால் துறையிலும் நிதித் துறையிலும் ஊழியர்களை நிறம் பார்த்துப் பிரிச்சு இருத்தினது அவரின் ஆட்சியில்தான். முற்போக்கு எண்ட சொல்லைக் கையாளேக்க இதையும் சேர்த்தே எழுத வேணும்.


வைகைக்கரை எழுதியது:

வடமராட்சியான் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அந்தக் கட்சியின் பணப்பையும் செயற்குழுத் தலைமையும் மார்கனின் பழைய பங்காளி ஜார்ஜ் பெர்கின்ஸ் கையில் இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே தேர்தலில் சோஷலிஸ்ட் யூஜின் டெப்ஸ் ஏறக்குறைய 9 லட்சம் வாக்கு வாங்கினார். ரூஸ்வெல்ட்டின் அறிக்கை அவ்வளவு தூரம் இடதுபக்கம் வந்ததற்கு அந்த வாக்குகளும் காரணம்.

ஆனால் நீதிமன்றத்தைப் பற்றி நெடுவழி எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. அதற்கு நல்ல உதாரணம் வில்சன் காலத்துக் குழந்தை உழைப்புச் சட்டம். 1916ல் கீட்டிங் ஓவன் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழ் பிள்ளைகளை வைத்து ஆலையில் செய்த பொருளை மாநில எல்லை தாண்டி விற்கக் கூடாது. வட கரோலினாவின் சார்லட் நகரில் பஞ்சாலைத் தொழிலாளி ரோலண்ட் டேகன்ஹார்ட், என் இரண்டு பையன்களின் வேலை போகிறது என்று வழக்குப் போட்டார். பெயர் அவருடையது, ஏற்பாடும் செலவும் ஆலை முதலாளிகளுடையது. 1918ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சட்டத்தைத் தள்ளியது. ஹோம்ஸ் இந்தத் தடவை எதிர்த்து எழுதினார், பிள்ளைகளின் பக்கம்.

சில வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பையன்களில் ஒருவனான ரூபனைத் தேடிப்போனார். இருபது வயது, எடை 105 பவுண்டு. அந்த வழக்கால் உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். காரில் கொஞ்சம் கூட்டிப்போனார்கள், குடிக்கச் சோடா வாங்கித் தந்தார்கள் என்றான். ஆலையில் போன வருஷங்கள்தான் என் வளர்ச்சியை நிறுத்தின, படிப்பும் இல்லை என்றான்.


புதுவாசகன் எழுதியது:

ஐயா, அப்படியானால் குழந்தை உழைப்புத் தடை அங்கே எப்போதுதான் நிலைத்தது?


வைகைக்கரை எழுதியது:

1938ல், இன்னொரு ரூஸ்வெல்ட்டான அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில். நியாயமான உழைப்புத் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் குழந்தை உழைப்புத் தடையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. 1941ல் டார்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ஏற்று, 1918 தீர்ப்பைத் தவறு என்று நீக்கியது. மதர் ஜோன்ஸ் அதைப் பார்க்க இல்லை, 1930லேயே காலமாகிவிட்டார். அந்தச் சட்டத்திலும் வயல்வேலைப் பிள்ளைகளுக்குப் பெரிய விதிவிலக்கு இருந்தது. அதைத் தனி இழையாகத் தொடங்கினால் நானும் வருகிறேன்.